ஈர அரிசி

அது அரிசி டப்பா. அதைத் திறக்காதே. அரிசி இருக்கிறது, நிறைய இருக்கிறது. சர்க்கரை அதற்குப் பக்கத்தில், நீல மூடி போட்ட பாட்டிலில். தேயிலை மேல்தட்டில். எனக்கு எட்டும், தினமும் நான்தான் எடுக்கிறேன். இன்றைக்கு நீ வந்திருக்கிறாய், உன் கையால் குடித்துப் பார்ப்போமே என்று சொன்னேன். எனக்கு அரைக் கரண்டி சர்க்கரை போதும். அடுப்பை இரண்டு தடவை திருகினால்தான் பற்றும்.

பேர் என்ன சொன்னாய்? ஷெர்லி. நல்லது. முதியோர் உதவி மையத்திலிருந்து வருகிறாய். பிரபாகர் போன் செய்திருப்பான். என் அண்ணன் மகன், கோயம்புத்தூரில் இருக்கிறான். 'யாரோ வந்து சும்மா பார்த்துவிட்டுப் போவார்கள் அத்தை, நாலு கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான்' என்று என்னிடமும் சொன்னான். சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷம் நான் அந்த வேலைதான் பார்த்தேன். கஷ்டப்படுகிற குடும்பங்களின் வீட்டுக்குப் போவது, உட்கார்ந்து பேசுவது, என்ன உதவி வேண்டும் என்று எழுதுவது. நீ செல்போனில் தட்டுகிறாய். எங்களுக்கு மஞ்சள் தாள் இருந்தது.

கடைசிக் கட்டத்தில் நீ என்ன எழுதவேண்டும் என்றும் தெரியும். தனியாக இருக்க முடியும், அல்லது முடியாது. முடியாது என்று எழுதினால் பிரபாகர் ஞாயிற்றுக்கிழமை காரோடு வந்து நிற்பான். அங்கே ஓர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறான். படம்கூட அனுப்பினான். தோட்டம் இருக்கிறது. வரிசையாக வெள்ளைக் கட்டில் இருக்கிறது. எல்லாக் கட்டிலிலும் ஒரே மாதிரிப் போர்வை.

பயமா? எனக்கென்ன பயம். நீ கேட்டால் பதில் சொல்லப்போகிறேன்.

விழுந்தது உண்மைதான். குளியலறையில், ஆடி மாதம், ஒரே ஒரு தடவை. இப்போது நன்றாக நடக்கிறேன். நடந்து காட்டவேண்டுமா என்ன? டீ வரட்டும் முதலில். காலையில் கீழ்வீட்டு நசீமா வந்து என்னை உட்காரவைத்து... வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். அருமையான பெண். அந்தக் கவிழ்த்து வைத்த தட்டு நான் காலையில் சாப்பிட்டது. கழுவி வைத்திருக்கிறேன். அப்படியே அந்த மின்விசிறியைப் போடு, உனக்கு வியர்க்கிறது.

உள்ளே வந்ததும் நீ கண்ணை எங்கெங்கே ஓட்டினாய் என்று பார்த்தேன். அடுப்பு, அரிசி டப்பா, என் கணுக்கால். தப்பில்லை. நானும் அப்படித்தான் பார்ப்பேன். அடுப்பில் சாம்பல் சூடாக இருக்கிறதா, டின்னில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகளின் கை எவ்வளவு மெலிந்திருக்கிறது. அந்த டின்னைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். ஒரே ஒரு மழைக்காலத்துக் கதைதான். நீ எழுதுவதற்கு முன்னால் கேட்டுவிடு.

எண்பத்தெட்டாம் வருஷம். பாளையங்கோட்டையில் தமிழ் படித்துவிட்டு, பிறகு சமூகப்பணியும் படித்துவிட்டு, ஓர் அறக்கட்டளையில் சேர்ந்திருந்தேன். பேர் வேண்டாம், அது இப்போது இல்லை. எனக்குக் கொடுத்த ஊர் கீழத்தட்டு. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களுக்கு நடுவில் நாற்பது வீடு. எல்லாருக்கும் அளத்து வேலைதான். வெயில் இருக்கும்வரை சம்பளம். ஐப்பசி பிறந்து மழை விழுந்தால் பாத்தியெல்லாம் தண்ணீர் கட்டிக்கொள்ளும், தை வரைக்கும் வேலை கிடையாது. அம்பாரமாகக் குவித்த உப்பைப் பனையோலை போட்டு மூடிவிட்டு, அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளவேண்டியதுதான்.

முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வெள்ளையைப் பார்த்து நின்றது ஞாபகம் இருக்கிறது. கவிதை எழுதினேன், மஞ்சள் தாளின் ஓரத்தில். என் வயது அப்படி.

தலைமை அலுவலகத்தில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் சொல்லியிருந்தார்: 'உதவி வருகிறது என்றால் இருப்பதை ஒளித்துவைப்பார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதாதீர்கள், பானையைத் திறந்து பார்த்து எழுதுங்கள்.' நான் அதை என் வழியில் செய்தேன். அதட்ட மாட்டேன். சிரித்துக்கொண்டே உள்ளே போவேன், 'இன்னைக்கு என்ன சமையல்?' என்பேன், பேச்சோடு பேச்சாக டின் மூடியைத் தூக்கிவிடுவேன். பிஸ்கட் வருகிற சதுரத் தகர டின். அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் அதுதான் அரிசிக்கு. என்னைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. 'குணாக்கா, குணாக்கா' என்று உயிரை விடுவார்கள்.

ஆவணி மாதம் சொர்ணத்தின் டின்னைத் திறந்தேன். ஒரு பல்லி ஓடிற்று. அவ்வளவுதான் அதில் இருந்தது.

சொர்ணம் புருஷனை மஞ்சள் காமாலைக்குக் கொடுத்தவள். ஒன்பது வயதில் ஒரு பையன், ஆறு வயதில் ஒரு பெண். அறக்கட்டளைக்கு டவுனில் ஒரு பிள்ளைகள் காப்பகம் இருந்தது. மூன்று வேளைச் சோறு, பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை முட்டை. நான் எழுதிக் கொடுத்தேன். சொர்ணத்துக்கும் எடுத்துச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. கைநாட்டு வைத்தாள். நான்தான் விரலைப் பிடித்து வைத்தேன்.

ஜீப் வந்தது. பிள்ளைகள் ஏறினார்கள். கிளம்பும்போது இவள் பின்னால் ஓடிவந்தாள், அளத்து வரப்பில், செருப்பில்லாமல். அளத்துப் பெண்களின் பாதத்தை நீ பார்த்திருக்க மாட்டாய். முழுக்க வெடிப்பு. அதில் உப்பு ஏறினால் நிற்கவே முடியாது. எப்படி இப்படி ஓடுகிறாள் என்று ஜீப்பில் உட்கார்ந்து ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியம்தான் பட்டேன், வேறொன்றும் தோன்றவில்லை. நல்லது செய்துவிட்டு வருகிறோம் என்று மனசு நிறைந்திருந்தது.

டீ நன்றாக இருக்கிறது. கொஞ்சம் கிட்டே வை. இன்னும் கொஞ்சம். ஆம், அங்கேயே இருக்கட்டும்.

அதற்கடுத்த வாரம் போனேன். எந்த வீட்டு டின்னைத் திறந்தாலும் அரிசி. விளிம்பு வரைக்கும் அரிசி. போன மாதம் வரை பாதி வீட்டில் டின்னின் அடி தெரிந்த ஊர் அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் நான் அங்கே பிடி அரிசித் திட்டம் சொல்லிக் கொடுத்திருந்தேன். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வை, மழைக்காலத்துக்கு ஆகும் என்று. சொன்னது பலித்துவிட்டதாக நினைத்தேன். 'சேமிப்புப் பழக்கம் வேரூன்றிவிட்டது' என்று எழுதினேன். கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள்.

ஒரே ஒரு குறை. அரிசி ஈரமாக இருந்தது.

ஒரு வீட்டில் இரண்டு வீட்டில் இல்லை, தொட்டுப் பார்த்த இடமெல்லாம் ஈரம். புரட்டாசி போய் ஐப்பசி வர இன்னும் மோசம். விரலில் ஒட்டியது. டின்களின் அடியும் துருப்பிடித்துக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் வரும். சந்தனமாரி என்று ஒருத்தி, அவள் வீட்டில் வைத்துச் சத்தம் போட்டேன்.

'ஏ மாரி, இப்படியா அரிசியை வைப்பாங்க? டின்னை ஒழுங்கா மூட மாட்டியா?'

'மூடுதேன்க்கா. மழைக் காத்துல்லா.'

'காத்து டின்னுக்குள்ளயா போகுது? வெயில் அடிச்சதும் எடுத்துக் காயப்போடு. உளுத்துப் போயிரும்.'

'சரிக்கா.'

பக்கத்து வீட்டு ஜெபராணி வாசலில் நின்றாள். அவளுக்கு வாய் நீளம். 'எங்க ஊரு அரிசிக்கு வேர்க்குங்க்கா. அதுவும் எங்க கூடச் சேர்ந்து அளத்துல பாடுபடுதுல்லா' என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எவ்வளவு நகைச்சுவை இந்த ஜனங்களுக்கு என்று பஸ்ஸில் வரும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

பிள்ளைகள் மெலிந்துகொண்டு போனதையும் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. டின்னில் அரிசி இருக்கிறது, பிள்ளை மெலிகிறது என்றால் என்ன அர்த்தம்? வயிற்றில் பூச்சி. ஊர் முழுக்கப் பூச்சி மாத்திரை கொடுத்தேன்.

ஐப்பசி நடுவில் அறக்கட்டளையின் கஞ்சித் தொட்டியை அங்கிருந்து எடுத்து வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வருஷா வருஷம் மழைக்காலத்தில் மத்தியானம் ஆளுக்கொரு சட்டிக் கஞ்சி ஊற்றுவது வழக்கம். கீழத்தட்டில்தான் எல்லா வீட்டிலும் அரிசி இருக்கிறதே. என் தாளைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். யாரும் எதிர்க்கவில்லை. தொட்டியை வண்டியில் ஏற்றும்போது பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். 'ஏன் எடுக்கீய' என்று ஒருத்தி கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். எப்படிக் கேட்பார்கள்? கேட்டால் அரிசி இல்லை என்று ஒத்துக்கொண்டதாகும். அரிசி இல்லை என்றால் ஜீப் வரும். இது இப்போது எனக்குத் தெரிகிறது.

என் கண்ணாடியை எடுத்துத் தருகிறாயா? பீரோ மேலே. பீரோவுக்குப் பின்னால் என்ன பார்க்கிறாய்? அது ஒட்டடைக் குச்சி. ரப்பர் வைத்த ஒட்டடைக் குச்சி. அதை விடு.

கார்த்திகை முதல் வாரம். மூன்று நாளாக விடாத மழை. நான்காம் நாள் சற்று வெறித்தது. பத்து மணி பஸ்ஸில் போய் இறங்கினேன். ரோட்டோரத்தில் உச்சிமாகாளி அண்ணாச்சியின் டீக்கடை. அங்கிருந்து ஊருக்கு வரப்பு வழியாக நடக்கவேண்டும். நான் குடையோடு இறங்கியதுமே தூரத்தில் ஒரு குரல், 'குணாக்கா வாறாவ!' அதை வாங்கி இன்னொரு குரல், 'குணாக்கா வாறாவ!' வீடு வீடாக அந்தச் சத்தம் போகும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஒருத்தி வருவதை ஓர் ஊரே சொல்லிக்கொள்கிறது என்றால் எப்படி இருக்கும், சொல்.

சந்தனமாரியின் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அவளுக்கு ஏழு மாதக் கைக்குழந்தை, எடை பார்க்கவேண்டியிருந்தது. புருஷன் பிழைப்புக்குக் கேரளாவுக்குப் போயிருந்தான். கதவு திறந்திருந்தது. அடுப்பில் சாம்பல் நனைந்து கிடந்தது. மூத்த பெண் இசக்கி மட்டும் இருந்தாள். ஐந்து வயது. டின்னுக்கு முன்னால் நின்றாள், அதை மறைத்துக்கொண்டு.

'இசக்கி, அம்மா எங்கடா?'

'அரிசி இருக்கு.'

'அதை நான் கேக்கலை கண்ணு. அம்மா எங்க, தம்பி எங்க?'

'அரிசி இருக்கு. நெறைய இருக்கு. இப்பந்தான் சாப்புட்டோம். மீன் கொழம்பு.'

நாலு நாளாகக் கடலுக்கு ஒரு படகு போகவில்லை. நான் குனிந்து அவள் தலையைத் தொடப் போனேன். தரையில் ஈரம் பரவிற்று. கூரை ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்த்தேன். ஒழுகவில்லை. அவள் கால் வழியாகத்தான் வடிந்துகொண்டிருந்தது. முகம் அசையவில்லை, கண் என் மேலேயே இருந்தது. அப்படி ஒரு பயத்தை அதுவரை நான் ஒரு குழந்தையின் முகத்தில் பார்த்ததில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன் ஷெர்லி, நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வாசலில் வெளிச்சம் மட்டும் நின்றது.

நான் நம்பவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். டின்னைச் சாய்த்துக் காட்டப் போனாள். அவளால் தாங்க முடியாத கனம். கைநழுவி விழுந்தது. அரிசி கொட்டுகிற சத்தம் உனக்குத் தெரியும், மழைத்தூறல் மாதிரி இருக்கும். இது சரளைக்கல் சரிகிற சத்தம். மேலே மூன்று விரல் அரிசி. அதற்குக் கீழே ஒரு பழைய செய்தித்தாள், நைந்துபோய். அதற்குக் கீழே அடிவரைக்கும் கல்லுப்பு.

மழைக்காலத்தில் உப்பு கசியும். அந்தக் கசிவுதான் என் விரலில் ஒட்டிய ஈரம். அதுதான் டின்னின் துரு. நான் சிரித்த வேர்வை அதுதான். அவர்களிடம் வேறென்ன இருந்தது நிரப்புவதற்கு?

இசக்கி அழவில்லை. கீழே உட்கார்ந்து உப்பிலிருந்து அரிசியைப் பொறுக்கத் தொடங்கினாள், ஒவ்வொன்றாக. 'ஜெபராணியத்தைக்குக் குடுக்கணும். அடுத்தாப்புல அவிய வீட்டுக்குத்தானே போவீய' என்றாள்.

அந்த வரிசையில் எத்தனை வீட்டில் நான் ஒரே அரிசியைத் தொட்டுப் பார்த்தேனோ. நான் முன்வாசல் வழியாக வெளியே வர, அரிசி பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறது.

ஜெபராணி கதவைத் திறக்கவில்லை. இடுக்கு வழியாகத்தான் பேசினாள்.

'மாரி எங்கே போனா?'

'எனக்கென்னக்கா தெரியும்.'

'கைக்குழந்தையைத் தூக்கிட்டு இந்த ஈரத்துல எங்கே போவா?'

இடுக்கு வழியாக அவள் கண் உப்பு அம்பாரங்கள் பக்கம் போய் வந்தது. பிறகு, 'பிள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போவுதுக்கா. துணி மாதிரி கெடக்கு. அதைப் பாத்தா நீங்க சும்மா விடுவீயளா? அதான் கொண்டு ஒளிச்சிட்டா.'

'ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும் ஜெபராணி. தண்ணி வத்திப் போச்சுன்னா பொழுது சாயறதுக்குள்ள போயிரும். எங்கேன்னு சொல்லு.'

'சொன்னா ஜீப்பு வருமாக்கா?'

'நான் அதுக்கு வரலை.'

'சொர்ணம் மைனி வீட்டுக்கும் நீங்க அதுக்கு வரலைன்னுதாங்க்கா சொன்னீய.'

ஓடினேன். வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். இரண்டு பக்கமும் தண்ணீர் கட்டிய பாத்திகள், அதற்கப்பால் ஓலை மூடிய உப்பு அம்பாரங்கள், பத்தோ பன்னிரண்டோ. எல்லாம் ஒரே மாதிரி, முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிற பெண்கள் மாதிரி. 'சந்தனமாரி! நான்தான், குணாக்கா!' என்று கத்திக்கொண்டே ஓடினேன். வேறு எந்தப் பேரைச் சொல்லியிருந்தாலும் அவள் வெளியே வந்திருப்பாள்.

நாலாவது அம்பாரமா, ஐந்தாவதா, அங்கே ஒரு முனகல் கேட்டது. கைக்குழந்தையின் முனகல். பூனைக்குட்டி அளவுதான். நின்றேன். 'மாரி!' என்றேன். முனகல் நின்றுவிட்டது.

குழந்தை தானாக ஓய்ந்தால் மெல்ல மெல்ல இறங்கி ஓயும், ஷெர்லி. இது பாதியில் அறுந்தது. ஒரு கை வாயைப் பொத்தினால்தான் அப்படி அறும்.

ஓலைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். எட்டடி இருக்கும். இன்னொரு தடவை கூப்பிட்டால் அந்தக் கை இன்னும் அழுத்தும். ஓலையை விலக்கினால்? மடைப் பக்கம் ஓடுவாள். மடையில் இடுப்பளவு தண்ணீர். நான் மூச்சு விடுவதுகூட அவளுக்குக் கேட்கும். பேசாமல் நின்றால் நிற்கிறேன் என்று தெரியும், கை எடுக்க மாட்டாள். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. என் நாக்கில் உப்பு கரித்தது மட்டும் நினைவிருக்கிறது. இத்தனை வருஷத்தில் அந்த இடத்துக்குத்தான் கனவில் திரும்பத் திரும்பப் போகிறேன்.

பிறகு நான் செய்த ஒரே உருப்படியான காரியத்தைச் செய்தேன். திரும்பி நடந்தேன். சும்மா நடக்கவில்லை. செருப்பைத் தரையில் அடித்து அடித்து, சேறு தெறிக்க, சத்தம் கேட்கும்படி நடந்தேன். ஊருக்கே கேட்கும்படி, 'ஏ ஜெபராணி, நான் பஸ்ஸுக்குப் போறேன். இனி வர மாட்டேன்' என்று கத்தினேன். எங்கிருந்து பார்த்தாலும் போவது தெரியட்டும் என்று கருப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிட்டேன் என்று நினைப்பாள்.

டீக்கடையில் அண்ணாச்சியிடம் சொன்னேன். 'உங்க வீட்டம்மாவை அனுப்புங்க. மாரி நாலாவதோ அஞ்சாவதோ அம்பாரத்துல இருக்கா. வண்டி கட்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க. என் பேரை மட்டும் சொல்லாதீங்க.'

அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார், 'நீங்க பஸ் ஏறினப்புறம் அனுப்பவா, இப்பவே அனுப்பவா?'

'நான் ஏறினப்புறம்' என்றேன்.

அந்தப் பிள்ளை பிழைத்தது. மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்களாம். அண்ணாச்சி பிறகு சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை. நான் வந்ததால் பிழைக்கவில்லை, நான் போனதால் பிழைத்தது.

என்ன எழுதினேனா? கெட்டிக்காரியாகத்தான் இருக்கிறாய். அன்றைக்கு மஞ்சள் தாளில், 'வருகையின்போது வீட்டில் பெரியவர் எவரும் இல்லை' என்று எழுதினேன். பொய் இல்லை. கஞ்சித் தொட்டி திரும்ப வேண்டும் என்றும் எழுதினேன், கனமழை காரணமாக என்று. தொட்டி வந்தது. உப்பைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் மூன்று மாதம் நான் எழுதியதெல்லாம் என்ன ஆவது? கை தட்டியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அந்த வருஷ ஆண்டு மலரில் என் படத்தோடு போட்டார்கள், கீழத்தட்டுப் பெண்களின் சேமிப்பைப் பற்றி. அட்டையில் ஓர் அரிசி டின். புத்தகம் பீரோவில்தான் இருக்கிறது. பார்க்கிறாயா? வேண்டாம், இருக்கட்டும்.

சொர்ணத்தின் பிள்ளைகளா? படித்தார்கள். நன்றாகவே படித்தார்கள். பையன் ஐடிஐ முடித்தான்.

அம்மாவிடம் திரும்பிப் போனார்களா என்றால்... நீ டீயைக் குடிக்கவே இல்லையே, ஆறிப்போயிற்று பார். அந்தத் தாளை மாற்ற முடியாது ஷெர்லி, கைநாட்டு வைத்தது. அவள் விருப்பத்தோடு வைத்தது. அவர்களுக்கு நல்ல கட்டில் இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில், வெள்ளை விரிப்பு, எல்லாருக்கும் ஒரே மாதிரிப் போர்வை. அந்தச் சின்னப்பெண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாசலையே பார்த்துக்கொண்டு. 'சாப்பிட்டாயா?' என்று கேட்டேன். 'சாப்புட்டேன்' என்றாள். நான் போனது பதினோரு மணிக்கு. அவள் எத்தனை மணியிலிருந்து அப்படி உட்கார்ந்திருந்தாளோ.

நான் காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த நாற்காலி நல்ல நாற்காலி.

இதையெல்லாம் எதற்குச் சொன்னேன்? பயந்தவர்களைப் பார்த்தால் உனக்குத் தெரியவேண்டும் என்றுதான். பயந்தவர்கள் மீன் குழம்பு என்பார்கள். நன்றாக இருக்கிறோம் என்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, நான் உண்மையிலேயே நன்றாகத்தான் இருக்கிறேன். நீ எழுதவேண்டியதை எழுது. தனியாக இருக்க முடியும் என்று எழுது. இந்த ஜன்னல் வழியாகக் காலையில் வேப்பமரம் தெரியும். அதில் ஒரு செம்போத்து வருகிறது, குடத்துக்குள்ளிருந்து கூப்பிடுவது மாதிரிக் கூப்பிடும். கோயம்புத்தூர்த் தோட்டத்திலும் பறவை இருக்கும் என்பான் பிரபாகர். இருக்கும். அது இதுவாக இருக்காதே.

கிளம்புகிறாயா? இன்னும் எழுதவில்லையே. ஆபீஸில் போய் எழுதுவாயா? சரி. நானும் அப்படித்தான், பஸ்ஸில் வைத்து எழுதுவேன்.

வாசல்வரை வந்து வழியனுப்புவதுதான் மரியாதை. இன்றைக்குப் பொறுத்துக்கொள். நடக்க முடியாமல் இல்லை. கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம் என்று இருக்கிறது, அவ்வளவுதான். டம்ளரை அங்கேயே வை, நான் கழுவிக்கொள்கிறேன். கை கொடுக்க வேண்டாம், ஷெர்லி. வேண்டாம் என்றேனே. கிட்டே வராதே. புடவை... நாற்காலியில் கொஞ்சம் தண்ணீர் சிந்திவிட்டது. டீ. டீதான் சிந்திற்று.

அந்த டப்பாவை நீ திறக்கவில்லை. நல்ல பிள்ளை.

செருப்பு வெளியேதானே விட்டாய்? போட்டுக்கொண்டு படியில் சத்தமாக இறங்கு. கீழே இரும்புக் கேட் இருக்கிறது, அதையும் நன்றாக அடித்துச் சாத்து. இங்கே வரைக்கும் எனக்குக் கேட்கவேண்டும்.